அறுபத்தொன்றாம் பக்கம்

அக்காவின் நாவலில் நான் இல்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கமும்
ஒற்றைப் பிள்ளையாகவே வளர்ந்துவிட்டாள்.

க்ளைப்பேடா துறையில்
கடைசிப் படகு கிளம்பும்வரை
எஞ்சின் அறையில் உட்கார்ந்து படிக்கிறேன்.
விரல் பட்ட இடமெல்லாம் கிரீஸ்.

பிப்ரவரி. பத்து வயது ஜிவிலே
வெப்பமானியைத் தேநீரில் முக்கி எடுக்கிறாள்.
ஒரு நாள், ஒரே ஒரு நாள்,
மீன் டப்பா ஆலைக்குப் போகாமல்
அம்மா பக்கத்தில் இருக்கவேண்டும்.
'அம்மா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
கோட்டை மாட்டிக்கொண்டு போனாள்.'
அத்தியாயம் முடிகிறது.

சரிதான்.
'நான்' என்று தொடங்கிய கதைக்கு
கதவு வரைக்கும்தான் கண்.

கதவுக்கு அந்தப் பக்கம்
பூட்ஸ் பலகைமேல் இருந்தேன்,
ஒரு காலுறை போட்டு, மற்றதைத் தேடிக்கொண்டு.
அம்மா வெப்பமானியை விளக்கடியில் பிடித்தாள்.
நாற்பத்திரண்டு.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
சிரிப்பு பாதியில் வேறு எதுவோ ஆயிற்று.
மூன்று உதறு உதறி உறையில் போட்டாள்.

என்னைக் கையில் பிடித்தபடி
கீழ்வீட்டு யாத்விகாவிடம் தொலைபேசி கேட்டாள்.
'மகளுக்குக் காய்ச்சல், முப்பத்தொன்பது' என்றாள்,
நம்பும்படியாக மூன்று பாகை குறைத்து.
மறுமுனையில் என்ன சொன்னார்களோ,
படிக்கட்டில் சற்று உட்கார்ந்திருந்துவிட்டு
ஆலைக்குப் போனாள்.

மறுவாரம் நானும் முயன்றேன்,
ஹீட்டரில் வைத்து.
கண்ணாடி வெடித்து
கட்டிலடியெங்கும் பாதரசம் உருண்டது.
தொடத் தொட இரண்டாயிற்று, நான்காயிற்று.
கன்னத்தில் ஓர் அறை.
அதை அக்கா எழுதவில்லை. எழுதவும் வேண்டாம்,
அந்த அறை என்னுடையது.

இப்போது அவளுக்குப் போன் போட்டு
அம்மாவுக்குத் தெரியும் என்று சொல்லலாம்.
சொன்னால்,
இருநூற்று நாற்பதாம் பக்கத்தில்
வில்னியஸ் ரயிலில் ஏறுகிறவள் ஏறமாட்டாள்.
ஸீக்மாஸின் வாசலில் பனியில் நின்று
'என்னை உள்ளே கூப்பிடு' என்று கேட்கமாட்டாள்.
அந்த வாசலுக்காகத்தான்
எல்லோரும் இந்தப் புத்தகத்தை வாங்குகிறார்கள்.

பென்சிலை எடுத்து ஓரத்தில்
'நான்' என்று எழுதினேன். அடித்தேன்.
'அவள் தம்பி' என்று எழுதினேன்.
படர்க்கையில் குளிர் கொஞ்சம் குறைவு.

மேல்தளத்தில் கார்கள் ஏறும் அதிர்வில்
எழுத்து கோணுகிறது.
அவள் தம்பி பார்த்தான்,
முப்பத்தொன்பது என்றாள்.