குளம்பு பார்க்கும் கருவி

மழை விடாத மார்ச் மாதத்து இரவு.
டொக்கும் ஊர் அருங்காட்சியகத்து வேனிலிருந்து
கம்பளி சுற்றி இறக்கினார்கள் ஒருத்தியை.
நானூறு வயது.
"எந்தக் கால் நொண்டுது?" என்றேன்.
ஹிஸ்கெ சிரிக்கவில்லை.
நகரத்து ஆய்வகம் கேட்ட கட்டணத்தில்
அருங்காட்சியகக் கூரையையே மாற்றிவிடலாமாம்.

பந்தயக் குதிரைகளின் முன்னங்காலைப் படமெடுக்கும் கருவி.
அதனடியில் ரப்பர் விரிப்பில் கிடத்தினோம்:
கறுப்பு உடை,
விசிறியாய் மடித்த வெள்ளைக் கழுத்துப்பட்டி,
பூட்டிய வாய்.
வரைந்த நாளில் முப்பதுகூட இருக்காது.
"அசையாதே" என்று பழக்கத்தில்
கழுத்தைத் தட்டப் போனேன்.
ஹிஸ்கெ என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் முதலில் ஆணிகள்.
அது எனக்குத் தெரிந்த பாஷை.
ஓரம் சுற்றி முப்பத்தொன்று, அதில் ஒன்று கோணல்.
லாடத்தை அப்படி அடித்திருந்தால்
குதிரை உதைத்திருக்கும்.
பிறகு துணியின் பாவும் ஊடும்;
நெசவாளி தூங்கிவிழுந்த இடத்தில் ஒரு முடிச்சு.

பிறகு அவள்.
கறுப்பு உடையைக் காணோம்.
எலும்பைக் கரித்து எடுத்த கறுப்பு அது,
கதிர் அதைப் பொருட்படுத்தாது,
ஈயத்தைத்தான் மதிக்கும் என்றாள் ஹிஸ்கெ.
தோளிலிருந்து இடுப்புவரை
மடிப்பு மடிப்பாய் எரிந்தது வெள்ளைப் பட்டு.
மார்பில் முத்துச் சரம்.
வாய், இரண்டு.
மூடிய உதட்டுக்கு அடியில், சற்றே இடப்பக்கம்,
ஏதோ சொல்ல வந்த இன்னொன்று.

கணவன் செத்தானா, கப்பல் முழுகியதா,
ஓவியனுக்குக் கூலி பாக்கியா
என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன்.
"உடை மாற்றப்பட்டிருக்கிறது.
அதற்குமேல் இந்தப் படம் சொல்லாது."
குதிரைக்காரர்களிடம் நானும் இதைத்தான் சொல்வேன்:
எலும்பில் விரிசல்,
எந்த வேலியைத் தாண்டியபோது என்பது படத்தில் இல்லை.

காப்பி ஆறும்வரை அந்த வெள்ளையைப் பற்றிப் பேசினாள்.
ஈயத் தகட்டைச் சுருட்டி, காடி ஊற்றிய சட்டியில் வைத்து,
குதிரை லத்தியில் மூன்று மாதம் புதைப்பார்களாம்.
அந்தச் சூட்டில் பூக்குமாம்.
அதைச் சுரண்டி அரைத்தவர்களுக்கு
மணிக்கட்டு தொங்கிப்போகுமாம்.

பட்டு, முத்து, சொல்ல வந்த வாய்,
எல்லாம் லாயத்திலிருந்து போனவை.
பக்கத்துக் கொட்டிலில்
தையல் போட்ட பெட்டைக் குதிரை
காலை மாற்றி நின்றது.

படத்தைச் சேமிக்கக் கணினி விவரம் கேட்டது.
இனம்: மற்றவை.
பால்: பெண்.
வயது இரண்டு இலக்கத்துக்கு மேல் ஏறவில்லை.
முப்பது என்று போட்டேன்.