தவணைத் திகதி

ஸ்கூட்டி இருக்கைக்குக் கீழே
காணி உறுதியோடு ஒரே பையில் இருந்ததை எடுத்து
என் மேசையில் வைத்தார்.
"மகன் எடுத்தவர். கொஞ்சம் பிந்திப் போச்சு."

முன்னட்டை இல்லை. முதலிரண்டு தாளும் இல்லை.
தாள் தட்டுப்பாட்டுக் காலத்துச் சஞ்சிகை:
கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சடித்தது.
ஒரு வரிகூடக் கோட்டில் நிற்கவில்லை.

ஐந்தாம் பக்கத்தில் வியாழனில் வால்வெள்ளி விழுகிறது.
நமக்கு ஆபத்தில்லை, வெகு தூரம் என்கிறார் எழுதியவர்.
ஒன்பதில், மரங்கொத்திக்கு ஏன் தலையிடிப்பதில்லை.
பிறகு ஒரு குளக்கட்டுக் கல்வெட்டு;
கல் உடைந்த இடத்தில் கட்டுரையும் நின்று
'தொடரும்' என்கிறது.
பதினாறும் பதினேழும் நனைந்து ஒட்டிவிட்டன.
ஓரத்தில் 'பாலைப்பழ' என்பது மட்டும் தெரிகிறது,
பிரித்தால் இரண்டு பக்கமும் போகும்.
வற்றாப்பளையில் கடல்நீரில் விளக்கெரிவதைப் பற்றிப்
பூசகர் ஒருவரும் இரசாயன ஆசிரியர் ஒருவரும்
இரண்டரைப் பக்கம் சண்டை.
ஆசிரியருக்குத்தான் அரைப் பக்கம் கூட.

பின்னட்டையின் உட்புறம் சீட்டு ஒட்டியிருந்தது.
மல்லாவிப் பொது நூலகம். உறுப்பினர் 212,
ப. எழில்வண்ணன்.
ஊதா முத்திரையில் கடைசித் திகதி: 2008 யூலை 21.

கணக்குப் போட்டேன், என் வேலை அது.
மூவாயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பது நாள்,
நாளுக்கு ஐம்பது சதம்.
மூடியிருந்த நாட்களுக்குத் தண்டமில்லை என்கிறது விதி.
கூரையும் பதிவேடும் இல்லாத நாட்கள்
விதி எழுதியவருக்குத் தோன்றவில்லை.

"காசு தாறன், அதில்லை" என்றார்.
குறுக்கெழுத்துப் பக்கத்தை விரித்தார்.
மேலிருந்து கீழ், ஏழு:
தொலைவிலிருந்து வரும். குளத்துக்கு மேலே வட்டமிடும். நான்கெழுத்து.
பென்சிலில், அழுத்தி: விமானம்.
"நாரைகள் எண்டு நான் சொன்னனான்.
அவர் கேக்கேல்லை."

எண்ணிப் பார்த்தேன். இரண்டுக்கும் நான்கு கட்டம்.
குறுக்கே 'மாரி' விழுகிறது, அவன் பக்கம்.
ஆனால் மாரியும் அவன் எழுதியதுதான்.

அடியில், பொடி எழுத்தில்:
சரியான விடைகள் அடுத்த இதழில்.

"அடுத்தது வந்திட்டுதோ?"

வாசலில் வெயில். மேலே மின்விசிறி
ஒரு பக்கமாய்க் கடகடக்கிறது.
இல்லை என்று எனக்குத் தெரியும்.
எந்தத் தட்டில் இருக்கும் என்றுதான் முதலில் யோசித்தேன்.
எழும்பி, சாவியை எடுத்துக்கொண்டு
பின்னறைக்குப் பார்க்கப் போனேன்.