நாலு தாடை

பகலில் அடுத்தவர் வாய்க்குப் பல் செய்கிறேன்.
மெழுகு, பிளாஸ்டர், அக்ரிலிக் வாடை.
ஒரு தாளின் தடிமன் மேடு நின்றாலும்
மறுநாளே வந்துவிடுவார் மிஸ்டர் படையாச்சி:
"கடிக்குது, கோகிலா."
நாக்குக்கு எல்லாம் தெரியும்.

இரவில், நார்த்டேல் வீட்டின் கராஜ்.
மூடிப்போன செருப்பு ஆலையின் ஏலத்தில்
எட்டாயிரம் ரேண்டுக்கு வந்த லேத்து.
அது வந்த நாளிலிருந்து
கார் மழையில் நிற்கிறது.

குழலுக்கான உரிமம்
காவல் நிலையத்தில் ஏதோ ஒரு கோப்புக்கு அடியில்
ஐந்து மாதமாய்.
அதுவரைக்கும் கரும்பு லாரியின் பழைய அச்சுத்தண்டு,
இரண்டு முழம்.

நாலு தாடைக் கவ்வி.
எதிரெதிர்த் திருகு: ஒன்றைத் தளர்த்து, ஒன்றை இறுக்கு.
அளவுமானியின் முள்
இந்தப் பக்கம் ஆறு கோடு ஓடுகிறது,
அந்தப் பக்கம் நாலு.
சோறு ஆறிப்போச்சு.
மூன்று. ஒன்றரை. மறுபடி ஐந்து.
யார் தாடையடா இது, இத்தனை பிடிவாதம்!

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒப்பித்தது:
கடைந்தான், கடைகிறான், கடைவான்.
பாடப் படத்தில் மத்தும் தயிர்ப்பானையும்.
இரும்பையும் கடையலாம் என்று யாரும் சொல்லவில்லை,
வெண்ணெய்க்குப் பதில் நீலச் சுருள் திரளும் என்றும்,
மணிக்கட்டில் விழுந்தால்
தோலோடுதான் கழலும் என்றும்.

திரோஷன் கதவில் சாய்ந்து கேட்கிறான்:
"அம்மா, அது துப்பாக்கியா?"
"இன்னும் இரும்புதான். போய்ப் படு."

வியாழக்கிழமை மரை வெட்டினேன்.
ஏழாவது சுற்று, உளி உள்ளே.
எட்டுக்குப் போகும் என்ற மின்சாரம்
ஏழு ஐம்பதுக்கே போனது.
முதலில் சுவிட்சை அணைத்தேன்,
திரும்பும்போது கேட்டுக்கொண்டா வரும்?
தெரு முழுக்க ஜெனரேட்டர்கள், நாய்கள்.
இருட்டில் விரல் நுனியால் தடவினேன்.
உளிமுனை ஒடிந்து
பள்ளத்திலேயே கிடந்தது, தொண்டையில் மீன்முள் மாதிரி.

அறுத்துத் தள்ளிவிட்டு
மறுபடி முனையிலிருந்து.
அறுத்து அறுத்துத் தண்டு இப்போது
ரொட்டிக்கட்டை நீளம்.
கிளப்பில் ஹென்னி சிரிக்கிறான்,
உரிமம் வருவதற்குள் சட்டைப் பொத்தான் ஆகிவிடுமாம்.

நேற்று முள் நின்றது.
தண்டு சுற்றச் சுற்ற
முள் மட்டும் சுவரில் வரைந்தது போல.
நான் மூச்சு விடவில்லை.
முந்நூறு மீட்டரில் குப்புறப் படுத்து
விசையைத் தொடும் முன் பிடிப்பேனே,
அதே மூச்சு.

பிறகு அசைந்தது, அரைக்கோடு.
சாலையில் லாரி போயிருக்கும்.
இல்லாவிட்டால் நான்.