எச்சம்

கறுப்பு வண்டிக்கு எதிரி என்றால்
முதலில் வெயிலைச் சொல்வார்கள், பிறகு பறவையை.
வெயிலுக்குக் கொட்டகை உண்டு.
புறாவின் எச்சம் ஈரத்துணிக்கு அடங்கும்.
அடங்காதது தண்ணீர்.

டூசானுக்கு மேற்கே, எங்கள் பக்கத்தில்,
பாறையைத் தின்றுவிட்டுத்தான் அது மேலே வருகிறது.
குழாயடியில் மீட்டரை நனைத்தால்
அறுநூற்றுப் பன்னிரண்டு.
குடிக்கிறவனுக்கு அது ருசி.
பெரால்த்தா கம்பெனியின் அமரர் ஊர்திக்கு
அது அம்மை.

ஒரு ஆகஸ்ட்டில், வேலைக்குப் புதிது,
பகல் பதினொன்றுக்குக் கழுவினேன்.
துணி எடுத்துத் திரும்புவதற்குள்
பானட் முழுக்க
துளி உட்கார்ந்த இடமெல்லாம் வெள்ளை வளையம்.
வினிகர் விட்டுத் தேய்த்தேன். பாதி போனது.
மீதி பெயிண்டுக்குள் குடியேறிவிட்டது.
வெண்டல் பெரால்த்தா திட்டவில்லை.
"டெல்ஃபினா, அழ வருகிறவர்கள்
தங்கள் முகத்தைப் பார்ப்பது இந்தக் கதவில்தான்."
அடுத்த வாரம் கூரியரில்
இரண்டு வடிகட்டி உருளைகள் வந்தன.

உள்ளே நீலப் பிசின் மணிகள்,
கடுகைவிடப் பொடி.
போகிற தண்ணீரை வழிமறித்து
மடியில் முடிந்துவைத்த சுண்ணாம்பை
அவிழ்த்து வாங்கிக்கொள்ளும்.
அந்தப் பக்கம் வெளிவரும்போது
மீட்டரில் பூஜ்யம்.

உள்ளங்கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தேன்.
ஆளில்லாத வீட்டில்
ஹலோ சொன்னது போலிருந்தது.

சோப்பும் அலசலும் ஊர்த் தண்ணீரில்.
கடைசிக் குளியல் மட்டும் பூஜ்யத்தில்.
துடைக்க வேண்டாம், தானாகக் காயும்.
எதையும் கொண்டுவராத தண்ணீர்
எதையும் விட்டுப்போவதில்லை.
தத்துவம் எல்லாம் இல்லை இது,
உருளை ஒன்று தொண்ணூறு டாலர்.

போன வியாழன், விடிகாலை ஐந்தேகால்.
ஒன்பது மணிக்கு லயல் ஹட்சின்ஸை ஏற்ற வேண்டும்.
நாற்பத்தோரு வருஷம்
இந்தப் பக்கமெல்லாம் ஆழ்துளை போட்டவர்.
கூரை முடித்து இடப்பக்கம் இறங்குகையில்
மணிகளைப் பார்க்கிறேன்:
நீலம் போய் தேநீர் நிறம்.
மீட்டரில் நாற்பத்தெட்டு, பிறகு
நூற்றுப் பத்து.
மாற்று உருளை இருந்த அட்டைப்பெட்டியில்
அட்டை மட்டும் இருந்தது.
வெண்டல் தன் படகைக் கழுவ எடுத்துப்போயிருக்கிறார்.

கள்ளிக் கைகளுக்கு இடையே சூரியன்
எட்டிப் பார்த்தது.
இரண்டு துணி, பிறகு என் சட்டை நுனி.
ஓடி ஓடி ஒற்றினேன்,
முந்திக்கொண்டு காய்கிற ஒவ்வொன்றையும்
பெயர் சொல்லி வைதுகொண்டே.
பின்கதவில், கைப்பிடிக்குக் கீழே,
ஒன்று தப்பிவிட்டது.

மேவிஸ் ஹட்சின்ஸ் அதைத்தான் பார்த்தார்.
பெட்டியையோ பூவையோ பார்க்கவில்லை.
கட்டைவிரலை நாக்கில் தொட்டு
பிள்ளையின் கன்னத்து மையைப் போலத் தேய்த்தார்.
போகவில்லை.
மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தேன்.

"எந்தத் தண்ணீர்?"

இங்கே குழாயில் வருவதுதான் என்றேன்.

"அப்படியானால் நாலாம் நம்பர் கிணறு.
எழுநூறு அடி. கல்லைத் தவிர ஒன்றும் வராது,
விட்டுவிடு என்றேன். விட்டால்தானே.
முப்பது வருஷமாக என் கெட்டிலைச் சுரண்டுகிறேன்."

சிரித்தார் என்று சொல்ல முடியாது.
மூக்கு வழியாக ஒரு காற்று.
பிறகு விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு
முன் சீட்டில் ஏறினார்.

வெள்ளிக்கிழமை புது உருளைகள் வந்தன.
மாட்டினேன். பூஜ்யம்.
சனிக்கிழமைச் சவாரி ஒரு பல் டாக்டர்,
அவர் வீட்டாருக்கு
அது வெறும் கறை.
வினிகர் பாட்டிலைத் திறந்து
பின்கதவருகே கொஞ்ச நேரம் நின்றேன்.
தேய்த்தேன்.
பாதி போனது.