நீரைக் கழித்த பின்

அகச்சிவப்பு என்று பெயர் வைத்தவர்
யாரென்று தெரியவில்லை.
சிவப்பும் இல்லை, அகமும் இல்லை.
இருட்டில் கையை நீட்டினால்
வெறும் இளஞ்சூடு.

சயானில் தண்டவாளம் முங்கிவிட்டது.
கடைசி லோக்கல் குர்லாவிலேயே நிற்கிறது.
ஆறாவது மாடியில், ஏழாம் படுக்கைக்குப் பக்கத்தில்
ஷூவைக் கழற்றிக் காயவைத்துவிட்டு
புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
நிமிடத்துக்கு ஒன்று.

தினகர் மோஹித்தே, ஐம்பத்தாறு,
ஹார்பர் லைன் மோட்டார்மேன்.
காலில் தொடங்கிய புண் ரத்தத்தில் கலந்து
நான்கு நாளாக மருந்துத் தூக்கம்.
வயிற்றுத் தோலுக்கடியில் முடியளவு குழாய்;
அதில் கசிந்து வருவது
இரண்டு படிகத் தகடுகளுக்கு நடுவே
ஒளியின் குறுக்கே போகிறது.
சர்க்கரை தன் பங்கை எடுத்துக்கொள்ளும்,
யூரியா தன் பங்கை, லாக்டேட் தன் பங்கை.
எதிர்ப்பக்கம் வந்து சேர்கிற மிச்சத்தை வைத்து
யார் எவ்வளவு கைவைத்தார்கள் என்று
கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

பெரிய திருடன் தண்ணீர்.
வந்த ஒளியில் முக்கால்வாசி அதன் வாயில்.
முதலில் அதைக் கழித்தாக வேண்டும்.
ஜூலை மாத மும்பையில் உட்கார்ந்து
தண்ணீரைக் கழிக்கிறேன் என்றால்
வாட்ச்மேன்கூடச் சிரிப்பான்.

ஒன்றரை மணிக்கு அவர் மனைவி பிரமிளா வந்தார்.
மான்குர்த்திலிருந்து பாதி டெம்போ, பாதி நடை.
முழங்காலுக்கு மேல் நனைந்த புடவையை
மாப் பக்கெட்டில் பிழிந்துவிட்டு
நேராக அவர் காதருகே குனிந்தார்.
அழுவார் என்று நினைத்தேன்.
திட்டினார்.
குரலை உயர்த்தாமல், மூச்சு விடாமல்,
மராத்தியில்.

ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து
வாயைக் கட்டுவாராம்.
ரிப்போர்ட் சுத்தமாக வருமாம்.
ரயில்வே டாக்டர் முதுகில் தட்டுவாராம்.
மறுநாள் வடாலா பிளாட்பாரத்தில்
நின்றுகொண்டே நாலு ஜிலேபி.
சட்டைப் பையில் பாகு. துவைக்கிறவள் நான்,
எனக்குத் தெரியாதா?

1.52க்குச் சர்க்கரைக் கோடு ஏறத் தொடங்கியது.
168. 174. 181.
உணவுக் குழாய் மூடியிருக்கிறது. இன்சுலின் மாறவில்லை.
தகடுகளுக்கிடையே குமிழி ஏதும் இல்லை, பார்த்துவிட்டேன்.
படிவத்தில் ஒரு கட்டம்: ஏற்றத்தின் காரணம்.
டாக்டர் ஸெரீனா கொட்டாவியோடு
‘ஸ்டீராய்டு’ என்றார்.
இருக்கலாம். பதினொரு மணிக்குப் போட்டது.
நர்ஸ் லிஸ்ஸம்மா என்னைப் பார்க்காமல்
தலையணையைச் சரிசெய்தார்.

“அது என்ன கோடு?”
சொன்னேன்.
“ஒவ்வொரு நிமிஷமுமா?”
ஒவ்வொரு நிமிஷமும்.
நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு
உட்கார்ந்தார், கணவருக்கு முதுகைக் காட்டி.
187. 189. 189.
“இருபத்தெட்டு வருஷத்தில்
இந்த மனுஷன் நிஜம் பேசி
இப்போதுதான் பார்க்கிறேன்.”

விடியும்போது 149.
நீர் வடிகிறது, ஒரு வண்டி விட்டுவிட்டார்கள் என்று
யாரோ வராந்தாவில் போனில் கத்தினார்கள்.
அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார்.
ஸ்டீராய்டு என்று எழுதினேன்.
கட்டத்தில் இன்னும் கொஞ்சம் இடமிருந்தது.