நாலாவது ஸோன்

சாட்ஸ்வொர்த், சனிக்கிழமை முழுக்க
ஏணியில் நின்றான் சாக்ரன்.
அலாரப் பெட்டியின் வயிற்றிலிருந்து நாலு நிறக் கம்பி
விளக்குக்கு, கேட்டுக்கு, கீசருக்கு.
"அலாரம் போட்டால் கீசர் அணையும்.
கதவு திறந்தால் எல்லா லைட்டும் எரியும்"
என்றான் சுவரிடம்.
மூன்று வாரமாக என்னோடு பேச்சு
சுவர் வழியாகத்தான்.

திங்கள் மதியம் குரங்கு வந்தது.
சமையலறைக் கதவு, நாலாவது ஸோன்.
சைரன் அலறி, வீடு கல்யாண மண்டபமாய் எரிய,
துப்பாக்கியோடு காவல் வண்டி வந்து நின்றபோது
அது பப்பாளி விதையைத்
துப்பிக்கொண்டிருந்ததாம்.
மிஸஸ் படையாச்சி சொல்லச் சொல்லச் சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை. நாலாவது கம்பியைக் கழற்றினான்.

செவ்வாய். ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து
ராத்திரி ஒன்றேகாலுக்கு வந்தேன்.
தெரு முழுக்க மின்வெட்டு.
பேட்டரியில் உயிரோடிருந்த பெட்டியில்
எண்களை அழுத்தினேன்.

உள்ளே எங்கோ ஒரு 'டக்'.
அடுப்படியில் மட்டும் சின்ன பல்பு,
மூடிவைத்த தட்டுக்கு மேலே.

டார்ச் அடித்துப் பெட்டியைத் திறந்தேன்.
நாலாவது கம்பி திரும்பவும் மாட்டியிருந்தது.
அதில் ஒட்டிய பிளாஸ்திரியில்
அவன் கோணல் எழுத்து:
கோகி வந்தால்.

பீன்ஸ் கறியில் உப்பு கூடுதல்.
நின்றபடியே தின்றேன்.