நாய் செய்யவில்லை

இரவு இரண்டு மணிக்கு
அழுகிய முட்டை வாடை.
"உன் நாய்தான்" என்றான் ரானல்ட்
போர்வைக்குள்ளிருந்து.
பரிசு வாங்கினால் நம் நாய்,
இப்படியென்றால் என் நாய்.

காலோவே கரையில் மூன்றாவது நாளாக மழை.
கேரவன் கூரையில் யாரோ
பட்டாணி கொட்டிக்கொண்டே இருந்தார்கள்.
சன்னல்களைச் சாத்தி
கதவிடுக்கில் துண்டைத் திணித்து
ஈரச் சாக்ஸும் நாங்களுமாய்
ஒரே காற்றை மாற்றி மாற்றி
மூச்சுவிட்டுக்கொண்டிருந்தோம்.

இருட்டில் டாட்டியின் வால்
ஒருமுறை தரையில் தட்டியது.
குற்றமுள்ள வால் அப்படித் தட்டாது.

படுக்கைக்கு அடியில்
உலை அடங்கும் நேரத்து முணுமுணுப்பு.
பலகையில் கை வைத்தேன்.
சூடு.

பாட்டரி.

ரானல்டின் கை சுவிட்சுக்குப் போனது.
"தொடாதே!"
பதினோரு வருடத்தில் அவனிடம்
இவ்வளவு உரக்க நான் எதுவும் சொன்னதில்லை.
விளக்கு வேண்டாம், அடுப்பு வேண்டாம்,
தேநீரை மறந்துவிடு.
மேல் சாளரத்தைத் தள்ளு.
தரையிலிருக்கும் ஓட்டைகள் சமையல் வாயுவுக்கு,
அது இறங்கும்.
இது ஏறுகிற சாதி.

வெறுங்காலோடு புல்லில் ஓடி
வெளிக் கம்பத்தில் மின்சாரத்தை நிறுத்தினேன்.
உள்ளே முணுமுணுப்பு உடனே நிற்கவில்லை,
கோபம் உடனே நிற்காதது போல.

பிறகு மூன்று பேரும் வேலியோரம்,
ஒரே குடை, பெரும்பகுதி நாய்க்கு.
பக்கத்து வண்டித் திரை விலகி மூடியது.
சண்டை என்று நினைத்திருப்பார்கள்.
அப்போதுதான் ரானல்ட் சொன்னான்,
தன் தம்பி லாக்லனுக்கு
என்னைக் கேட்காமல் கொடுத்த
நாலாயிரம் பவுண்டைப் பற்றி.
மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.
எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று
நானும் மழையிடம்தான் சொன்னேன்.

விடிந்து, சூடு ஆறிய பின்
கையுறை போட்டுப் பெட்டியைத் திறந்தோம்.
ஓர் அறை செத்த பாட்டரி, புடைத்த வயிறு.
குழாய் இருந்தது.
சுவரில் அதற்கான துளையும் இருந்தது.
ஆனால் வண்டியை எங்களுக்கு விற்றவர்
டம்ஃப்ரீஸில் ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.
குளிர் புகக்கூடாதென்று
துளையை வெள்ளைப் பசையால்
வழவழவென்று அடைத்திருந்தார்.
சொத்தை என்று நினைத்துவிட்டார் பாவம்.
நாற்பது வருடப் பழக்கம்.

திருப்புளியால் அதைக் குடைந்தெடுக்க
அரை மணி நேரம்.
மதியம் புதுப் பாட்டரி வந்தது,
புதுக் குழாய் ஒரு முழம், இரண்டு கவ்விகள்.
மாட்டுமுன் குழாயைத் துளைவழி விட்டு
உள்முனையை வாயில் வைத்து ஊதினேன்.
வெளியே அவன் மண்டியிட்டு
ஈரக் கன்னத்தைத் துளையருகே வைத்திருந்தான்.

"வருதா?"
"வருது."

டாட்டிக்கு ஒரு முழுச் சாசேஜ்,
மன்னிப்பென்று யாரும் சொல்லாமல்.

"இன்னொரு தரம் ஊது" என்றான்.
தேவையில்லை.
ஊதினேன்.